பறப்பது ஒரு விமானத்தில், மைல் சேர்வது வேறு கணக்கில்

அப்பா காலமான செய்தி 2017 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை லண்டனுக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி எடுத்திருந்தான். "அண்ணை, வெள்ளிக்கிழமைக்கிடையில வந்திடுவியளோ? அதுமட்டும் வைச்சிருக்கலாம்" என்றான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லாச் செத்தவீடுகளிலும் கேட்கப்படும் கேள்விதான். உடனே இணையத்தில் ரிக்கற் பார்த்தேன். கோடை விடுமுறையில் கொடுக்கும் விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது.

அப்போதுதான் மைல் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. பதினொரு வருடங்களாக நாங்கள் ஐந்து பேரும் இலங்கைக்குப் போய்வந்தது ஒரே விமான நிறுவனத்தில்தான். ஒவ்வொரு தடவையும் முகவரிடம் அட்டை இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். இவ்வளவு காலத்தில் ஒரு ரிக்கற்றுக்காவது போதுமான மைல்கள் சேர்ந்திருக்கும் என்பது என் நினைப்பு. மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டெடுத்து உள்ளே போனால், கடைசிப் பயணத்தின் மைல்கள் மட்டும் இருந்தன. மிச்சமெல்லாம் காலாவதியாகியிருந்தன. பெரிய பங்கு போனது அதற்கு முந்திய டிசம்பரில், அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பு. முன்னறிவித்தல் நான் பாவிப்பதை விட்டுவிட்ட ஒரு மின்னஞ்சலுக்கு ஒழுங்காக வந்து கிடந்தது. அந்த மாதச் சீட்டைக் கூடிய கழிவுக்கு எடுத்துத்தான் ரிக்கற் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல வரவில்லை. விதி அவர்களுடைய இணையத்தளத்தில் எழுதப்பட்டிருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன். வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ மட்டும் பறக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த மைல் விவகாரத்தில் உண்மையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1978 இல் அமெரிக்க அரசு உள்நாட்டு விமானக் கட்டணங்கள் மீதான கட்டுப்பாட்டை நீக்கியது. போட்டி மூண்டது. வாடிக்கையாளரைத் தன்னிடமே பிடித்துவைத்திருக்க அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே 1 ஆம் திகதி தனது மைல் திட்டத்தைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. தொடக்கத்தில் இது அடிக்கடி பறப்பவருக்கான கைமாறு. இன்றைக்கு அது வேறொரு வியாபாரம். விமான நிறுவனங்கள் மைல்களை மொத்தமாக வங்கிகளுக்கு விற்கின்றன, வங்கிகள் அவற்றைக் கடனட்டைக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கின்றன. கொரோனாக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்கன் எயார்லைன்ஸ் இந்த மைல் திட்டத்தையே ஈடாக வைத்து 2021 இல் 10 பில்லியன் டொலர் திரட்டியது. விமானத்தைவிட மைல் திட்டத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் அதிகம் நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்று இதை வாசிக்கலாம்.

இதிலிருந்து எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். மைல் என்பது ஒரு நிறுவனம் தானே அச்சிடுகிற காசு. அதன் பெறுமதியைக் குறைக்க எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. சுவிஸ், ஜேர்மனித் தமிழர் பலர் வைத்திருக்கும் 'மைல்ஸ் அன்ட் மோர்' திட்டத்தில், லுப்தான்சா குழும விமானங்களுக்கான மைல் விலைகள் 2025 ஜூனிலிருந்து நிலையான அட்டவணையை விட்டு, ரிக்கற் விலையோடு ஏறி இறங்கத் தொடங்கின. ஆகவே மைல்களைப் பொன்போல வருடக்கணக்காகப் பூட்டிவைப்பது புத்தியல்ல. தேவையான அளவு சேர்த்து, தேவை வந்ததும் செலவழிக்க வேண்டிய பொருள் அது.

இனி விடயத்துக்கு வருகிறேன். எனக்குப் பதினொரு வருடம் தெரியாமல் இருந்த செய்தி இது: எந்த விமானத்தில் பறக்கிறோமோ அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் மைல் சேர்க்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விமான நிறுவனங்கள் கூட்டணிகளாக இருக்கின்றன. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1 இல் 'வன்வேர்ல்ட்' கூட்டணியில் சேர்ந்தது. அதே கூட்டணியில் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், கட்டார் எயார்வேய்ஸ், அவுஸ்திரேலியாவின் குவான்டாஸ், ஜப்பான் எயார்லைன்ஸ், கதே பசிபிக் எல்லாம் உள்ளன. ஆகவே ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஸ்ரீலங்கனில் நேரடியாகப் பறந்துவிட்டு, அந்த மைல்களை ஸ்ரீலங்கனின் 'பிளைஸ்மைல்ஸ்' கணக்கில் போடாமல் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கணக்கில் போடலாம். மெல்பேர்னில் இருப்பவர் அதே ஸ்ரீலங்கன் பயணத்தைக் குவான்டாஸ் கணக்கில் போடலாம். ரிக்கற் போடும்போது கொடுக்கும் இலக்கம் எதுவோ, மைல் அங்கே போகும். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கு மட்டுந்தான், இரண்டிலும் வாங்க முடியாது.

சிங்கப்பூர் எயார்லைன்ஸ், எயார் இந்தியா, துருக்கிஷ், எயார் கனடா, சுவிஸ், லுப்தான்சா ஆகியவை 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணி. எமிரேட்ஸ், எதிஹாட் இரண்டும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆனால் தனித்தனி ஒப்பந்தங்கள் வைத்திருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து டுபாய் வழியாக எமிரேட்ஸில் கொழும்புக்கு வருபவர் அந்தப் பயணத்தை எயார் கனடாவின் 'ஏரோபிளான்' கணக்கில் சேர்க்கலாம் என்பது கனடாவில் இருக்கும் பலருக்கே தெரியாது. மறுபுறம், பாரிஸில் இருக்கிறோம் என்பதற்காக எயார் பிரான்ஸ் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எப்போதும் கட்டாரில் பறந்தால், அந்த அட்டையில் ஒன்றும் சேராது.

கணக்கு மாறுவது என்று நான் சொல்வது இதைத்தான். விமானத்தை மாற்றவேண்டியதில்லை. இலக்கத்தை மாற்றினால் போதும்.

அப்படியானால் எந்தக் கணக்கு? எங்களுக்கு முதல் அளவுகோல் காலாவதி விதி. இதில் இரண்டு சாதி உண்டு. சில திட்டங்களில் மைல் சேர்ந்த நாளிலிருந்து காலம் எண்ணப்படும். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் 'கிறிஸ்ஃபிளையர்' 36 மாதங்கள், எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' மூன்று வருடங்கள். பழைய மைல்கள் வரிசையாக உதிர்ந்துகொண்டே இருக்கும். மற்றச் சாதியில், கணக்கில் ஏதாவது ஒரு அசைவு இருந்தால் முழு இருப்பும் உயிரோடு இருக்கும். பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 36 மாதங்களுக்கு ஒருமுறை, குவான்டாஸும் ஏரோபிளானும் 18 மாதங்களுக்கு ஒருமுறை அசைவு கேட்கின்றன. அசைவு என்றால் பறக்கவேண்டும் என்றில்லை. ஒரு சிறிய கொள்வனவில் பத்துப் புள்ளி சேர்ந்தாலும் அசைவுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு இரண்டாவது சாதிதான் பொருந்தும். முதலாவது, மாதாமாதம் பறக்கிற உத்தியோகத்தருக்கு. எனக்கு நேர்ந்தது, பொருந்தாத சாதியில் பதினொரு வருடம் இருந்ததுதான்.

இரண்டாவது அளவுகோல், பறக்காமல் சேர்க்கும் வழி. பிரித்தானியாவில் செயின்ஸ்பரிஸ் கடையிலும் எஸ்ஸோ பெற்றோல் நிலையங்களிலும் கிடைக்கும் 'நெக்டர்' புள்ளிகளை 2021 தொடக்கம் பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் 'அவியோஸ்' புள்ளிகளாக மாற்றலாம். 400 நெக்டருக்கு 250 அவியோஸ். லண்டனில் பெற்றோல் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை தமிழர்கள் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க மற்றவர்களிடம் "நெக்டர் காட் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு, தன்னுடைய காருக்கு அடிக்கும்போது காட் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் மைத்துனர். இலங்கையிலும் சில வங்கிகளின் கடனட்டைப் புள்ளிகளை பிளைஸ்மைல்ஸ் மைல்களாக மாற்றலாம். ஆனால் கடனட்டை நிலுவையை மாதம் முடிய முழுமையாகக் கட்டுகிறவருக்குத்தான் இது பொருந்தும். மைலுக்காக வட்டி கட்டுவது, இலவசச் சட்டிக்காகப் பத்து மூட்டை அரிசி வாங்கிய கதை.

மூன்றாவது, நிறுவனத்தின் ஆயுள். எங்கள் பகுதியில் இது வெறும் பயமல்ல. கொழும்புக்கும் பறந்துகொண்டிருந்த ஜெட் எயார்வேய்ஸ் 2019 ஏப்ரலில் ஒரே நாளில் நின்றது. அதன் புள்ளித் திட்டம் தனிக் கொம்பனியாக இருந்ததால் வேறு பெயரில் தப்பியது. விஸ்தாரா 2024 நவம்பரில் எயார் இந்தியாவோடு இணைந்தபோது அதன் புள்ளிகள் எயார் இந்தியாக் கணக்குக்கு மாற்றப்பட்டன. இரண்டு தடவையும் புள்ளிக்காரர் தப்பினர், எப்போதும் அப்படி நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஸ்ரீலங்கனின் கடனைப் பற்றியும், அதை விற்கும் முயற்சி கைவிடப்பட்டதைப் பற்றியும் இத்தளத்தின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஸ்ரீலங்கனில் பறப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நேரடி விமானம், சோறு கறி, வயோதிபருக்கு இடையில் மாறும் தொல்லை இல்லை. மைலை மட்டும் வேறிடத்தில் வைக்கிறேன்.

இனி, கவனிக்காமல் விட்டால் எல்லாம் வீணாகும் இரண்டு சங்கதிகள்.

ஒன்று, ரிக்கற்றில் உள்ள ஓர் ஆங்கில எழுத்து. சாதாரண வகுப்பு என்பது ஒரே வகுப்பல்ல. உள்ளுக்குள் பத்துப் பன்னிரண்டு விலைப்படிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் மைல் போடும்போது, எந்த எழுத்துக்கு எத்தனை வீதம் என்று அந்தக் கணக்கின் இணையத்தளத்தில் அட்டவணை இருக்கும். சில எழுத்துக்கு பறந்த தூரத்தின் நூறு வீதம், சிலவற்றுக்குக் கால் பங்கு, மிக மலிவானவற்றுக்குப் பூச்சியம்கூட உண்டு. ஈஸ்ற்ஹாமிலோ லா சப்பலிலோ எங்கள் முகவர்கள் போடும் குழு விலை ரிக்கற்றுகள் பலவேளை இந்தக் கடைசி வகைக்குள் விழும். "அண்ணை, மைலைப் பாத்தால் விலை கூடும், விலையைப் பாத்தால் மைல் வராது" என்று என் முகவர் ஒருமுறை சொன்னார். நியாயமான பேச்சு. நாற்பது பவுண் மிச்சம் என்றால் நான் மைலை விட்டுவிடுவேன். ஐந்து பவுண் மிச்சம் என்றால் மற்ற எழுத்தைக் கேட்பேன். முக்கியம், பணம் கட்டுவதற்கு முன்பு எழுத்தைக் கேட்டுவிடுவது.

மற்றது, பெயர். எங்களுடைய பெயர்கள் விமான நிறுவனக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இலங்கைக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் ஓரிடத்தில், பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தபின் அது இன்னோரிடத்தில். சிவபாலசுப்பிரமணியம் என்று அப்பா பெயர் வைத்த பிள்ளைக்கு படிவத்தில் பாதிக்கு மேல் இடமில்லை. மனைவியின் கணக்கு கலியாணத்துக்கு முந்திய பெயரில், கடவுச்சீட்டு கணவன் பெயரில். முகவர் அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டியிருப்பார். கணக்கிலுள்ள பெயரும் ரிக்கற்றிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மைல் வந்து சேராது. எங்கள் வீட்டில் ஐந்து கணக்கில் மூன்றுக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. கணக்கைத் திறக்கும்போதே அன்றைய கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கடவுச்சீட்டுப் பெயர் மாறினால் மறக்காமல் கணக்கிலும் மாற்றுங்கள். விமானம் ஏறும் அட்டையை மைல் வந்து சேரும் வரை எறிய வேண்டாம். வராவிட்டால் பின்னர் கோரலாம், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காலம் தருவார்கள். ஆனால் பல திட்டங்களில் பறப்பதற்கு முன்பே கணக்கு இருந்திருக்க வேண்டும்.

இன்னுமொரு விடயம், மைல் காசு கொடுத்தவருக்கல்ல, இருக்கையில் இருந்தவருக்கு. வளைகுடாவில் வேலைசெய்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொம்பனி ரிக்கற்றில் ஊருக்கு வருகிற பிள்ளைக்கும் உரிமை உண்டு. லண்டன் பார்க்க வரும் அம்மாவுக்கும் உண்டு. கணக்குத் திறப்பது இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கும் திறக்கலாம். ஐந்து பேரின் துண்டு துண்டான இருப்பை ஒன்றாக்கும் குடும்பக் கணக்கு வசதி பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், கட்டார், எமிரேட்ஸ், ஏரோபிளான் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் குடும்பக் கணக்கில் சேர்ந்தால் யார் யாருக்கு ரிக்கற் எடுக்கலாம் என்பதற்குச் சில இடங்களில் பட்டியல் வைப்பார்கள். கிறிஸ்ஃபிளையரில் தனக்கு வெளியே ஐந்து பேரைத்தான் நியமிக்கலாம். ஊரில் இருக்கும் அம்மாவின் பெயரை ஆறுதலாக இருக்கும்போதே அந்தப் பட்டியலில் போட்டுவிடுவது நல்லது.

சேர்த்ததை எப்படிச் செலவழிப்பது? இங்கேதான் கூடுதலான பேர் பிழைவிடுகிறார்கள். கணக்கு சுலபம். ரிக்கற்றின் காசு விலையிலிருந்து, மைல் ரிக்கற்றுக்கும் கையால் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். வருவதை மைல் எண்ணிக்கையால் பிரியுங்கள். ஓர் உதாரணம் வைப்போம். மைல் ரிக்கற்றுக்கு 45,000 புள்ளியும் 220 பவுண் வரியும். அதே பயணம் காசுக்கு 560 பவுண் என்றால், 340 ஐ 45,000 ஆல் பிரிக்க ஒரு புள்ளிக்கு முக்கால் பென்ஸ் வரும். ரிக்கற் 900 பவுண் ஆனால் ஒன்றரை பென்ஸ். அவசரத்தில் 1,400 ஆனால் இரண்டரை பென்ஸுக்கு மேல். அதே 45,000 புள்ளிக்கு நிறுவனத்தின் இணையக் கடையில் 180 பவுண் பெறுமதியான ஒரு ஹெட்போன் தந்தால், புள்ளி ஒன்று வெறும் 0.4 பென்ஸ். புள்ளி அதே புள்ளிதான், எங்கே கொடுக்கிறோம் என்பதில் ஆறு மடங்கு வித்தியாசம்.

ஆகவே மலிவாக இருக்கும்போது காசுக்கு வாங்கி, விலை ஏறிக் கிடக்கும்போது புள்ளியை எடுப்பதுதான் என் வழி. இது நிலையான புள்ளி விலை உள்ள இருக்கைகளுக்குத்தான் பொருந்தும். விலையோடு புள்ளியும் ஏறும் திட்டங்களில் இந்த இலாபம் கரைந்துவிடும். வரியையும் பார்க்கவேண்டும். லண்டனிலிருந்து புறப்படும்போது பிரித்தானியப் பயணிகள் வரி உண்டு. சாதாரண வகுப்பில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது இல்லை. இதற்கு மேலாக சில நிறுவனங்கள் 'மேலதிகக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்க்கும், அது அரசாங்க வரி அல்ல. ஒரே புள்ளிகளை வைத்து இரண்டு நிறுவனங்களின் ரிக்கற்றைப் பார்த்தால் கையால் கட்டும் தொகை வெகுவாக வேறுபடும்.

தரநிலை அட்டைகளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. வெள்ளி, தங்கம் என்று வரும் அந்த அட்டைகளுக்காக எங்கள் ஆட்கள் படும் ஆசை எனக்குத் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 2025 ஏப்ரலில் தரநிலையைச் செலவழிக்கும் பணத்தோடு கட்டிவிட்டது. வெள்ளிக்கு வருடத்தில் 7,500 புள்ளி, தங்கத்துக்கு 20,000. அவர்களுடைய விமானத்தில் ஒரு பவுணுக்கு ஒரு புள்ளி. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் இதைத் துரத்தக்கூடாது. அம்மாவை வசதியாகக் கூட்டிவருவதற்கு அட்டை தேவையே இல்லை. சக்கர நாற்காலி உதவி எல்லோருக்கும் இலவசம், 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவைத்தால் போதும்.

தொழிலுக்காக அடிக்கடி பறப்பவரின் கதை வேறு. கொழும்பில் இருக்கும் என் மச்சான் ஒருவர் அப்படி. ஸ்டார் அலையன்ஸின் தங்க அட்டைக்காரருக்கு கிலோக் கணக்கில் எடை பார்க்கும் பயணங்களில் 20 கிலோ மேலதிகம், எந்த வகுப்பில் பறந்தாலும் லவுஞ்ச். எமிரேட்ஸில் வெள்ளிக்கு 12, தங்கத்துக்கு 16, பிளற்றினத்துக்கு 20 கிலோ. மிளகாய்த்தூளும் ஒடியலும் பினாட்டும் கொண்டுபோகிற சமூகத்துக்கு இது சின்ன விடயமல்ல. மச்சானுக்கு வேலை மாறி, வேறு கூட்டணி விமானங்களில் பறக்கவேண்டி வந்தது. பழைய தரநிலையைக் காட்டி புதிய இடத்தில் சமமான அட்டை கேட்கும் வழி ஒன்று இருக்கிறது. எல்லா நிறுவனமும் எல்லாக் காலத்திலும் தருவதில்லை. தருபவர்களும் பொதுவாக மற்றக் கூட்டணிக்காரருக்கு, அதுவும் ஒருமுறைதான் தருவார்கள். பழைய அட்டையையும் கடந்த வருடப் பயண விபரத்தையும் அனுப்பவேண்டும். பல இடங்களில் மூன்று நான்கு மாதத் தவணையில் தந்து, அதற்குள் இத்தனை பயணம் செய்தால் நிரந்தரமாக்குவோம் என்பார்கள். மச்சான் அவசரப்பட்டு, அலுவலகப் பயணமே இல்லாத மாதங்களில் விண்ணப்பித்தார். தவணை வீட்டில் இருந்தபடியே முடிந்தது. பயண நாட்குறிப்பைப் பார்த்துவிட்டு, மூன்று பயணம் வரிசையாக வருவதற்கு முதல் வாரத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

என் கதைக்கு வருகிறேன். 2017 சித்திரையில் நாங்கள் ஐந்து பேரும் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கணக்குக்கு மாறினோம். பறந்தது கூடுதலாக ஸ்ரீலங்கனிலும் கட்டாரிலும். கடைப் புள்ளிகளையும் மாற்றிச் சேர்த்தோம். 2022 மார்ச்சில் கட்டார் எயார்வேய்ஸும் அவியோஸ் புள்ளிகளை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பிரிட்டிஷ் கணக்கில் இருப்பதைக் கட்டார் கணக்குக்கு ஒன்றுக்கு ஒன்றாக மாற்றலாம். இரண்டு கணக்கிலும் பெயர், பிறந்த திகதி, மின்னஞ்சல் ஒரே மாதிரி இருக்கவேண்டும். பெயர்ச் சிக்கலை முன்பே தீர்த்திருந்ததால் எங்களுக்கு அது சில நிமிட வேலை. வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்தோம்: ஒருவர் ஊருக்குப் போய்வரத் தேவையான புள்ளி எப்போதும் கணக்கில் கிடக்கவேண்டும், விடுமுறைக்கு எடுப்பதென்றால் அதற்கு மேலுள்ளதை எடுக்கலாம்.

2023 நவம்பரில் அம்மாவை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பதாகத் தம்பி சொன்னான். இந்த நிலைமையில் என்ன கஷ்டம் என்றால், எப்போது போவது, எப்போது திரும்புவது என்று யாருக்கும் தெரியாது. மலிவான காசு ரிக்கற்றில் திகதியை மாற்றினால் தண்டம், இரத்துச் செய்தால் பெரும்பாலும் முழுதாகப் போய்விடும். மைல் ரிக்கற்றுகள் பலவற்றில் விமானம் புறப்பட 24 மணித்தியாலத்துக்கு முன்வரை சிறிய கட்டணத்தோடு இரத்துச் செய்து, புள்ளியைத் திரும்பக் கணக்கில் வாங்கலாம். இன்னொரு வசதி, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுக்கலாம். காசு ரிக்கற் என்றால் ஒருவழிக்கே சிலவேளை இருவழி விலை கேட்பார்கள். அன்று இரவு புள்ளிகளை மாற்றி, அடுத்த நாள் டோஹா வழியாகப் போகும் ஓர் ஒருவழி ரிக்கற் எடுத்தேன். திரும்பி வர இரண்டு வாரம் கழித்து ஒன்று.

அம்மாவோடு ஐந்து நாள் இருக்கக் கிடைத்தது. நான் கதைத்தது அவவுக்கு விளங்கியது. ஆறாம் நாள் காலமானா. திரும்பும் ரிக்கற்றை இரத்துச் செய்து, அந்தியேட்டி முடிந்த பிறகு ஒன்றை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முன் செத்தவீட்டு நாலாம் நாளே சீட்டுக் காசை யோசித்துக்கொண்டு விமானம் ஏறியவன் நான்.

இது எப்போதும் இப்படிச் சரிவரும் என்று நினைக்கக்கூடாது. டிசம்பர் கடைசியிலும் ஆடி, ஆவணியிலும் மைல் இருக்கைகள் கிடைப்பது அரிது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஐந்து பேருக்கு மைலில் போகலாம் என்று கனவு காணவேண்டாம். ஒருவருக்கு, ஒரு சாதாரண வாரத்தில் என்றால் தேடினால் அகப்படும். நேரடி விமானம் இல்லையென்றால் டோஹா, அதுவும் இல்லையென்றால் சென்னைவரை மைலில் போய் அங்கிருந்து பலாலிக்கோ கட்டுநாயக்கவுக்கோ காசு கொடுத்து ஏறுவது. சென்னை வழி போவதென்றால் இந்திய விசா தேவையா என்று முதலில் பாருங்கள். செத்தவீட்டுக்குப் போகிற அவசரத்தில் விசாவுக்குக் காத்திருக்க முடியாது.

நிறையப் பேர் கேட்கிற ஒரு கேள்வி, ஆள் இறந்தால் அவருடைய மைல் என்னவாகும் என்பது. பெரும்பாலான திட்டங்களின் விதிப்படி மைல் சொத்து அல்ல, உறுதியில் எழுதிவைக்க முடியாது, கணக்கு ஆளோடு முடியும். சில நிறுவனங்கள் மரணச் சான்றிதழை அனுப்பிக் கேட்டால் குடும்பத்தவருக்கு மாற்றிக் கொடுக்கும். தமிழில் உள்ள சான்றிதழ் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து அனுப்பவேண்டும். அம்மா 2022 இல் லண்டன் வந்துபோனபோது அவ பெயரில் ஒரு கணக்குத் திறந்திருந்தேன். அந்தப் பயணத்தின் புள்ளிகள் அதில் கிடந்தன, ஒருவழி ரிக்கற்றுக்குப் பாதிகூட வராது. நான் எழுதிக் கேட்கவில்லை. 36 மாதம் முடியத் தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.